பிட் நோட்டீஸில் அப்பா பெயர்

மேனாம்பேட்டில், பால்ராஜ் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து தட்டுகளை ஒதுக்கிவிட்டு அவர் மகன் கிறிஸ்துராஜ் ஒரு தாளை விரித்தான். தாளின் நடுவே ஒரு மாருதி வேன். முகப்பு விளக்குகளிலிருந்து தீக்கொழுந்துகள் கிளம்பிக் கதவுவரை பறந்தன. பின்சக்கரத்துக்கு மேல் ஒரு கழுகு இறக்கையை விரித்திருந்தது. வெறும் பேனாவால் வரைந்ததுதான். ஆனாலும் கழுகின் கண் ஆளை நேராகப் பார்த்தது.

“இதுதான் பிட் நோட்டீஸா?” என்றார் பால்ராஜ்.

“ஆமாப்பா. படம்தான் பேசணும். கீழ கடைப் பேரு, அட்ரஸு, பக்கத்து டயர் கடைக்காரர் போன் நம்பரு. வேற ஒண்ணும் வேணாம்.”

“கடை யாருது?”

“அதான் போட்டிருக்கேனே. கிறிஸ்து கார் டிசைன்.”

“அந்தப் பேர்ல ஊருக்குள்ள எத்தனையோ பேர் இருக்கான். யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரிய வேண்டாமா?”

கிறிஸ்துராஜ் பேனாவை மூடிவிட்டான். அப்பாவின் குரலில் இந்தக் கண்டிப்பு ஏறிவிட்டால் அதற்குமேல் பேசிப் பயனில்லை என்பது அவனுக்குச் சிறுவயதிலிருந்தே பாடம்.

நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டை ஒட்டி அவன் கொட்டகை போட்டு ஒரு கோடை முழுவதும் போய், தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையும் வந்துவிட்டது. அடிபட்ட வண்டிக்கு டிங்கரிங் பார்த்துப் பெயிண்ட் அடிக்கிற கடை அல்ல அது. வண்டிக்காரர் தீ கேட்டால் தீ, புலி கேட்டால் புலி, அவரவர் மனசில் இருப்பதை வண்டியின் மேல் கொண்டுவந்து கொடுக்கிற கடை. அந்தப் பக்கத்தில் யாரும் செய்யாத வேலை. அதனாலேயே அப்படி ஒரு கடை இருப்பதும் யாருக்கும் தெரியவில்லை. கார்கள் அவன் பலகையைப் படிப்பதற்குள் திருமழிசையைத் தொட்டுவிடுகின்றன. இந்த நோட்டீஸ் நாலு பேரைக் கொட்டகைக்குள் கொண்டுவராவிட்டால் தை மாதத்தில் பலகையைக் கழற்ற வேண்டியதுதான். முதல் நாள் பூந்தமல்லியில் கொஞ்சம் கொடுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஆவடியில், ராணுவத்துக்கு டேங்க் செய்கிற தொழிற்சாலையின் கேட்டில், ஷிப்ட் விடுகிற நேரத்தில் நின்று கொடுப்பதாக ஏற்பாடு. லோன் போட்டு வேன் வாங்கியவர்கள் அங்கே நிறையப் பேர்.

பால்ராஜுக்கும் அங்கேதான் வேலை. பெயிண்ட் பிரிவில் சார்ஜ்மேன், ஆட்களுக்கு மேற்பார்வை. வருகிற சித்திரையில் ஓய்வு.

கேட்டில் சோதனைக்காரர் கேட்பதற்கு முன்பே டிபன் கேரியரின் அடுக்குகளைத் திறந்து காட்டுகிறவர் அவர். வேலை முடிந்ததும் மண்ணெண்ணெய் துணியால் விரல்களைத் துடைத்து, தீக்குச்சியால் நகக்கண்களைச் சுரண்டிவிட்டுத்தான் சட்டை மாற்றுவார். கம்பெனியின் பச்சைப் பெயிண்ட் நகத்தில்கூட வெளியே போகக் கூடாது. கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள். அவர் பொருட்படுத்தியதில்லை. காரணத்தையும் யாரிடமும் சொன்னதில்லை.

உலக யுத்த காலத்தில் அவருடைய அப்பா ஒரு கான்ட்ராக்டரிடம் கூலிக்குப் போனார். தார்ப்பாய் ஒன்று காணாமல் போனது. வீட்டுக்கு வந்து தேடினார்கள். பானைகளைக் கவிழ்த்து, பாயை உதறி, தெருவே பார்க்கத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. தார்ப்பாய் மறுவாரம் வேறொரு லாரியில் கிடைத்தது. ஆனால் அது கிடைத்த செய்தியைத் தெருவுக்கு வந்து சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அப்பா சாகிறவரை அந்தத் தெருவுக்கு அவர் தார்ப்பாய்க்காரர்தான். அந்த வீட்டுப் பிள்ளை நகத்தைச் சுரண்டுவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

“மேலே ‘இயேசு மரி சூசை’ போடு. கீழே எழுது” என்று பால்ராஜ் விரலால் மேசையில் கோடு கிழித்தார். “உரிமையாளர் பா. கிறிஸ்துராஜ். தகப்பனார், சூ. பால்ராஜ், சார்ஜ்மேன், பெயிண்ட் பிரிவு, ஆவடி.”

அடுக்களையிலிருந்து அவர் மனைவி ஞானகுமாரி எட்டிப் பார்த்தாள். “அப்படியே பொண்ணு யாரு, பந்தி எத்தனை மணிக்குன்னும் போட்டுருங்க. கல்யாணப் பத்திரிகை முடிஞ்சிரும்.”

“நீ சும்மா இரு. பெயிண்ட் தெரிஞ்ச குடும்பம்னு தெரிஞ்சா நாலு பேர் நம்பி வருவான்.”

கிறிஸ்துராஜ் எழுதினான். கழுகின் நகங்களுக்குக் கீழே அப்பாவின் பெயர் உட்கார்ந்தது.

அம்பத்தூரில் திருவேங்கடத்தின் அச்சகத்துக்கு புரூஃப் பார்க்க பால்ராஜே போனார். படத்துக்கு அச்சு பிளாக் எடுத்து, ரோஸ் தாளில் கறுப்பும் சிவப்புமாக அழகாகத்தான் வந்திருந்தது. வேனுக்கு மேலே மட்டும் ஒரு வரிக்கு இடம் வெறுமையாக இருந்தது.

“இங்க ஒரு வரி நச்சுன்னு விழணும் சார்” என்றார் திருவேங்கடம். “கையில வாங்கினவன் கீழ போடாம படிக்கணும். நான் யோசிச்சு வெக்கிறேன்.”

“நல்லதா போடுங்க” என்று சொல்லிவிட்டு, தன் பெயரையும் பதவியையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார் பால்ராஜ். தொழிற்சாலையில் ஒரு தகட்டின் மூலையில் பெயிண்ட் விடுபட்டிருந்தாலும் கையெழுத்துப் போடாத மனிதர், அன்றைக்கு ஒரு வரி முழுவதும் காலியாக இருந்த தாளுக்குப் போட்டுவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம். சாப்பாட்டு மணி அடித்து, பெயிண்ட் பிரிவின் ஆட்கள் வராந்தாவில் கேரியர்களைப் பிரித்திருந்தார்கள். துலுக்கானம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவன், வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம்.

“அண்ணாத்தே, டேங்க் பெயிண்டு லிட்டரு இன்னா வெலைக்குத் தர்றே? நம்ம ஊட்டுக் கதவு ஒண்ணு உரிஞ்சிகினு கீது.”

“என்ன உளர்றே?”

“நானா உளர்றேன்? உன் புள்ளை நேத்து பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டாண்ட குடுத்தான். படம் சோக்கா கீது. படி, உன் பேரு கூட கீது.”

துலுக்கானம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த ரோஸ் தாளைப் பால்ராஜ் விரித்தார். வேன், தீ, கழுகு எல்லாம் இருந்தபடியே இருந்தன. மேலே காலியாக இருந்த இடத்தில் சிவப்பில் பெரிய எழுத்து:

‘ஆவடி டேங்க்குக்கு அடிக்கும் பெயிண்ட்! இனி உங்கள் காருக்கும்!’

அதிலிருந்து கண் கீழே இறங்கினால், கழுகுக்கு அடியில், அவரே சொல்லி எழுதவைத்த வரி. தகப்பனார், சூ. பால்ராஜ், சார்ஜ்மேன், பெயிண்ட் பிரிவு, ஆவடி.

தனித்தனியாக இருந்தால் இரண்டிலும் தோஷமில்லை. ஒரே தாளில் சேர்ந்ததும், பெயிண்ட் எந்த வழியாக வெளியே வருகிறது என்று ஊருக்கு விலாசம் சொல்வதாக ஆகிவிட்டது.

“தப்பு இன்னா மாமே?” என்று பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். “ரிட்டையர் ஆவப் போறாரு. அல்லாரும் பி.எஃப். எடுத்துகினு போறான், இவரு பெயிண்டு எடுத்துகினு போறாரு.”

வராந்தா சிரித்தது. பால்ராஜின் முகத்தைப் பார்த்த துலுக்கானம் மட்டும் சிரிப்பை நிறுத்தினான். “சொம்மா தமாசு அண்ணாத்தே. நகத்தைச் சொரண்டிகினு போற ஆளு நீ. எங்களுக்குத் தெரியாதா?”

உங்களுக்குத் தெரியும், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குத் தெரியுமா என்று நினைத்தார் அவர். ஷிப்ட் விடும்போது கேட்டுக்கு வெளியே இதே தாள் கை கையாகப் போகும். கேட்டுக்கு இந்தப் பக்கம் செக்யூரிட்டி ஆபீசர் நிற்பார். சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு, தாளை நாலாக மடித்துக்கொண்டு எழுந்தார். பிறர் சொல்லிப் போவதற்கு முன் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது அவர் மனசில் இருந்தது.

ஆனால் முந்த முடியவில்லை. ஆபீசரின் மேசையில், கண்ணாடி உருண்டைக்கு அடியில், அந்த ரோஸ் தாள் ஏற்கனவே இருந்தது.

“நானே கூப்பிட்டு அனுப்ப இருந்தேன், பால்ராஜ். உட்காருங்கள்” என்றார் ஆபீசர் ஆங்கிலத்தில். வடக்கத்திக்காரர். தமிழ் பேசினால் கொஞ்சம் புரியும், எழுத்து தெரியாது.

பால்ராஜ் உட்காரவில்லை.

“இதில் உங்கள் பெயர் இருக்கிறதாமே. என்ன எழுதியிருக்கிறது? ஆங்கிலத்தில் படித்துச் சொல்லுங்கள்.”

பால்ராஜ் கண்ணாடி உருண்டையை நகர்த்தித் தாளை எடுத்தார். ஒரே ஒரு சொல் கூட்டினால் போதும். டேங்க் பெயிண்டைப் ‘போல’ உறுதியானது என்றால் விளம்பரம், விளையாட்டு, முடிந்தது. ஆபீசருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் பால்ராஜ் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே சொன்னார். தன் பெயரையும் பதவியையும் சேர்த்துச் சொன்னார்.

“எனக்கு இதைக் கொண்டுவந்தவரும் இப்படித்தான் சொன்னார்” என்றார் ஆபீசர். “உங்கள் சர்வீஸ் எனக்குத் தெரியும். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரு விளக்கம் எழுதிக் கொடுங்கள். நான் வைத்துக்கொள்கிறேன்.”

“அது போதாது சார்.”

“ஏன்?”

“விளக்கம் உங்கள் அலமாரியில் இருக்கும். பேச்சு ஊரில் இருக்கும். என் மகனின் கடையைச் சோதனை போடுங்கள். இன்றைக்கே, ஷிப்ட் விடுவதற்குள்.”

“மகனிடம் பேசினீர்களா?”

“பேசவில்லை. பேசினால் முன்கூட்டியே எச்சரித்தேன் என்பார்கள்.”

“ஏதாவது கிடைத்தால்?”

“கிடைத்ததை எழுதுங்கள்” என்றார் பால்ராஜ். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள்தான் வெளுத்துப்போயிருந்தன.

ஜீப் ஆவடியிலிருந்து பூந்தமல்லிப் பக்கம் திரும்பியபோது தூறல் பிடித்துக்கொண்டது. முன்னால் ஆபீசர். பின்னால் இரண்டு காவலர்களுக்கு நடுவில் பால்ராஜ். வழியில்தான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. போன மாதம் சாப்பிடும்போது கிறிஸ்துராஜ் கேட்டான்: “டேங்க் பச்சைக்கு என்னென்ன கலக்குறீங்கப்பா?” கம்பெனி விஷயம் வீட்டில் எதற்கு என்று அவர் வாயை அடைத்துவிட்டார். அவனும் அதற்குப்பின் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? வேறு யாரிடமாவது கிடைத்துவிட்டதா? துலுக்கானம் மாதிரி எத்தனை பேர் அவனை மடியில் வைத்து வளர்த்தவர்கள்! ஒரு டப்பா கேட்டால் எவனாவது... பால்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி யோசிக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. யோசிக்காமலிருக்கவும் முடியவில்லை.

கொட்டகை வாசலில் ஜீப் நின்றதும் கிறிஸ்துராஜ் ஓடி வந்தான். ஜீப்பைப் பார்த்தான், ஆபீசரைப் பார்த்தான், பின்னாலிருந்து இறங்கிய அப்பாவைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“வாங்க சார், வாங்க! அப்பா, சொல்லியிருந்தா டீ வாங்கி வெச்சிருப்பேனே.” தோளில் கிடந்த துண்டால் ஒரு ஸ்டூலைத் துடைத்தான். “ஆபீசர் வண்டிக்காப்பா? டிசைன் பாக்க வந்தாங்களா?”

அப்பா தனக்கு முதல் முறையாக ஒரு கிராக்கியைக் கூட்டிவந்திருக்கிறார் என்று பிள்ளை நினைத்துக்கொண்டான்.

“கடையைப் பாக்க வந்திருக்காங்க” என்றார் பால்ராஜ். “ஒதுங்கி நில்லு. எதையும் தொடாதே.”

காவலர்கள் இருவரும் உள்ளே போய் டப்பாக்களைத் தட்டிப்பார்த்தார்கள். ஒவ்வொரு மூடியாக நெம்பித் திறந்தார்கள். மடித்துவைத்த பழைய பேப்பர் கட்டை உதறினார்கள். துண்டு கையில் இருக்க, கிறிஸ்துராஜ் நின்ற இடத்தில் நின்றான். சிரிப்பு மட்டும் முகத்திலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே டயர் கடைக்காரர் வந்து நின்றார். எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருந்த முனியம்மா புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்களும் வந்தார்கள். பானைகளைக் கவிழ்த்த நாளில் தெரு கூடியது இப்படித்தான். அன்றைக்குப் பால்ராஜ் கதவோரம் நின்ற சிறுவன். இன்றைக்குத் தேடுகிறவர்களைக் கூட்டிவந்தவரே அவர்.

மர பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு காவலர் ஒரு டப்பாவை இழுத்தார். திறந்ததும் உள்ளே கரும்பச்சை.

“அது திருமழிசை செங்கல்சூளைக்காரர் ஜீப்புக்கு சார்” என்றான் கிறிஸ்துராஜ். “பேனட்ல புலி கேட்டிருக்காரு. பச்சைக்கு நடுவுல இருந்து புலி வர்ற மாதிரி. நானே கலந்தது.”

ஆபீசர் டப்பாவை உற்றுப் பார்த்தார். பிறகு பால்ராஜ் பக்கம் திரும்பினார். “நம்முடையதா, இல்லையா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

பால்ராஜ் குனிந்தார். நிறம் ஏறத்தாழ அதேதான். முகர்ந்தும் சொல்ல முடியவில்லை, கொட்டகை முழுவதும் தின்னர் நெடி. “எங்கள் பச்சை மின்னாது சார்” என்றார். “பளபளத்தால் எதிரி கண்ணுக்குத் தெரிந்துவிடும், அதனால் மங்கலாகவே செய்வார்கள். ஆனால் ஈரமாக இருக்கும்போது எல்லா பெயிண்ட்டும் மின்னும். அடித்துக் காயவைத்தால்தான் தெரியும்.”

“அடிக்கச் சொல்லுங்கள்.”

கம்ப்ரசர் உறுமியது. கிறிஸ்துராஜ் ஒரு தகரத்துண்டை நிறுத்தி ஸ்பிரே கன்னைப் பிடித்தான். பச்சை ஒரே சீராக விழுந்து தகரம் முழுவதும் பளபளத்தது. கன்னை வைத்துவிட்டு நகர்ந்து நின்றான்.

எல்லோரும் தகரத்தைப் பார்த்தார்கள். கூரையில் தூறல் சத்தம். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

தகரத்தின் மூலையில் ஒரு வெளிறல் தோன்றியது. பால்ராஜ் கண்ணை இடுக்கினார். வெளிறல் நடுவை நோக்கி நகர்ந்தது. பளபளப்பை யாரோ துணியால் ஒற்றி எடுப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகத் தகரம் முழுவதும் மங்கிப்போனது. ஒரு மினுக்குகூட மிச்சமில்லை.

ஒரு காவலர் தொண்டையைச் செருமினார். சித்திரை மாதம், பென்ஷன், மேனாம்பேட்டுத் தெரு, கோயிலில் தான் உட்காருகிற பெஞ்சு, எல்லாம் ஒரே சமயத்தில் பால்ராஜின் கண்முன் வந்தன. எங்கள் பெயிண்ட்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

“கொஞ்சம் இருங்க சார்” என்றான் கிறிஸ்துராஜ்.

அவன் அலமாரியிலிருந்து பாலீஷ் டப்பாவையும் பஞ்சு வேஸ்ட்டையும் எடுத்துவந்தான். அவசரத்தில் மூடி கீழே விழுந்து உருண்டது. தகரத்தின் நடுவில் வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தான். “இது சீக்கிரம் காயற காரு பெயிண்டு சார். மழை ஈரத்துல அடிச்சா மேல இப்படிப் பூத்துக்கும். அதுக்குத்தான் மழை நாள்ல நான் வேலையே செய்யறதில்ல. தேய்ச்சா போயிடும்.”

பஞ்சை எடுத்தான். தேய்த்த வட்டத்துக்குள் கொட்டகையின் வாசல் தெரிந்தது. வாசலில் நிற்கும் ஜீப் தெரிந்தது. ஆபீசர் குனிந்தபோது அவர் மீசையும் தெரிந்தது.

“இது நம்முடையது இல்லை” என்றார் ஆபீசர். “நம்முடையதைப் பத்து பேர் தேய்த்தாலும் இப்படி வராது. சரிதானே, பால்ராஜ்?”

“சரி சார்” என்றார் பால்ராஜ்.

ஆபீசர் கிறிஸ்துராஜின் தோளில் தட்டிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த கழுகுப் படத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். பிறகு வருவதாகச் சொல்லிப் பால்ராஜ் நின்றுகொண்டார்.

ஜீப் போனதும் முனியம்மா கேட்டாள்: “இன்னாபா, மிலிட்டரி வண்டி வந்துட்டுப் போவுது? திருட்டு கேசா?”

பால்ராஜ் வாசலுக்கு வந்தார். தூறல் சட்டையில் விழுந்தது. யாரிடமும் தன் வீட்டுக் கதையைச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

“இங்க ராணுவப் பெயிண்ட் இருக்குன்னு சந்தேகப்பட்டாங்க. தேடினாங்க. ஒண்ணுமே இல்லை. என் பிள்ளை சுத்தம். அவங்களைக் கூட்டிட்டு வந்தது நான். அவனைப் பெத்த அப்பன். போறவங்க வர்றவங்ககிட்ட இதைச் சேர்த்துச் சொல்லுங்க.”

“சொல்றோம் நைனா” என்றாள் முனியம்மா. “அதுக்கு இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்துறே? காது நல்லாத்தான் கேக்குது.”

கூட்டம் கலைந்தது. கிறிஸ்துராஜ் உள்ளே, நெம்பித் திறந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தான். பால்ராஜ் மடித்துவைத்திருந்த நோட்டீஸை அவன்முன் வைத்து, மேலே இருந்த வரியையும் கீழே இருந்த வரியையும் விரலால் தொட்டுக் காட்டினார். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் கறுத்தது.

“திருவேங்கடம் சார்தான் கேட்டாரு, உங்கப்பா எதுக்குப் பெயிண்ட் அடிக்கிறாருன்னு. சொன்னேன். இந்த வரியைப் போடவான்னாரு. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. டிவியில குடியரசு தின பரேடு வந்தா நீங்க எழுந்து நின்னு, இது நான் அடிச்சதுடான்னு காட்டுவீங்க இல்ல... அதைத்தான் நெனச்சேன். இப்படிப் படிப்பாங்கன்னு தோணலை.”

“எனக்கும்தான் தோணலை. காலி இடத்துக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.”

“அது பரவாயில்லப்பா.” அவன் ஒரு மூடியை அழுத்தி மூடினான். “சோதனை போடட்டும்னு நீங்க சொன்னதும் சரிதான். வேற யாரு சொன்னாலும் நம்பியிருக்க மாட்டாங்க. ஆனா தகரம் காயும்போது, நீங்க தகரத்தைப் பாத்துட்டு இருந்தீங்க. நான் உங்க மூஞ்சியைப் பாத்துட்டு இருந்தேன்.”

பால்ராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். மகன் அவருக்காகத் துடைத்துவைத்த அதே ஸ்டூல். அந்த நேரத்தில் தான் எதை நம்பினோம் என்பது அவருக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்துவிட்டது.

கிறிஸ்துராஜ் மூலையிலிருந்து மிச்ச நோட்டீஸ் கட்டுகளை எடுத்துவந்தான். பழைய காலண்டர் அட்டை ஒன்றில் ஸ்கேலை வைத்து பிளேடால் நீளமாக ஒரு ஜன்னல் வெட்டினான். அதை நோட்டீஸின்மேல் வைத்தால் டேங்க் வரி மட்டும் ஜன்னலுக்குள் வரும். அந்த வரியின்மேல் பச்சை அடித்துவிட்டால் எழுத்து மறைந்து ஒரு பட்டை ஆகிவிடும். தீக்கும் கழுகுக்கும் அது பொருந்தியும் போகும்.

“வாங்கினவன் காரு பெயிண்டையே தாள்ல தொட்டுப் பாக்கலாம். எவனும் இப்படி நோட்டீஸ் குடுத்திருக்க மாட்டான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அட்டையின் கீழ்ப்பகுதியில் இன்னொரு ஜன்னலும் வெட்டினான்.

“கீழ எதுக்கு?” என்றார் பால்ராஜ்.

“உங்க பேருக்கு. இந்தக் கடையால இனிமே அதுக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது.” கோபமாகச் சொல்லவில்லை. அளவெடுத்துச் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

அவன் முதல் தாளை பெஞ்சின்மேல் வைத்து அட்டையைப் பொருத்தினான். கீழ் ஜன்னலுக்குள் ‘சூ. பால்ராஜ், சார்ஜ்மேன்’ தெளிவாகத் தெரிந்தது. கம்ப்ரசரைப் போட்டான்.

பால்ராஜ் எழுந்தார். பெஞ்சின் மேல் கிடந்த மாஸ்கிங் டேப்பை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழித்து, கீழ் ஜன்னலின் மேல் குறுக்காக ஒட்டினார். ஒரு துண்டு போதவில்லை. இன்னொன்றையும் கிழித்து ஒட்டினார். பெயிண்ட் கசிந்து உள்ளே போகாதபடி ஓரங்களைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி நீவினார்.

கிறிஸ்துராஜ் கன்னைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த டேப்பை உரித்துப்போட அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவன் உரிக்கவில்லை.

காற்றில் தாள் எழும்பியது. பால்ராஜ் அட்டையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“கையை எடுங்கப்பா. நகத்துல எல்லாம் பச்சை ஏறிக்கும். நாளைக்கு கேட்ல நிக்கணும் நீங்க.”

“ஏறட்டும்” என்றார் பால்ராஜ். “கேட்டா உன் கடைப் பச்சைன்னு சொல்றேன். அடி.”